இரட்டை விண்மீனைக் கண்ட துறவி



அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது நம் தமிழ் மண்ணின் பழைய திருமண வழக்கம். வடக்கு வானில் சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் வசிட்டரும் அருந்ததியும் ஒட்டினாற்போல் நிற்பதை, கண் தெளிவுள்ளவர்கள் வெறும் கண்ணாலேயே காணலாம். அந்த வசிட்டர் ஒரே விண்மீன் என்றுதான் உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1617-இல் இத்தாலியில், கலிலேயோவின் நண்பரும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியுமான பெனடெட்டோ காஸ்டெல்லி தொலைநோக்கியைத் திருப்பியபோது, வசிட்டரே இரண்டாகத் தெரிந்தது. இப்படி ஒன்றாகத் தோன்றி, உற்று நோக்கும்போது இரண்டாகப் பிரிபவற்றை இரட்டை விண்மீன்கள் என்கிறோம்.

அத்தகைய இரட்டை ஒன்றை நமக்கு வடகிழக்கே, புதுச்சேரியிலிருந்து ஒரு குருவானவர் கண்டுபிடித்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்தை நினைக்கும்போதெல்லாம் இயேசு சபையைச் சேர்ந்த வீரமாமுனிவரை நினைக்கிறோம். வீரமாமுனிவர் தமிழகம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, அதே சபையைச் சேர்ந்த இன்னொருவர் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் அருட்தந்தை ழான் ரிஷோ. வானியல் வரலாற்றில் நன்கு அறியப்பட்ட பெயர் அது.

ரிஷோ 1633-இல் பிரான்சு நாட்டில் பிறந்தவர். அவர் காலத்தில் கடல் பயணத்தின் பெரிய சிக்கல், ஓர் ஊர் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்ல முடியாததுதான். வியாழன் கோளைச் சுற்றும் நிலவுகள் மறையும் நேரத்தை இரண்டு ஊர்களில் குறித்து ஒப்பிட்டால், அந்த ஊர்களுக்கு இடையிலான நேர வேறுபாடு தெரியும்; அதிலிருந்து தீர்க்கரேகையைக் கணக்கிடலாம். இதற்குத் தொலைநோக்கியும் நல்ல கடிகாரமும் பொறுமையுள்ள மனிதரும் வேண்டும். இயேசு சபையில் கணிதமும் வானியலும் கற்ற குருக்கள் பலர் இருந்தனர். எனவே பதினான்காம் லூயி மன்னர், தாய்லாந்தின் அன்றைய சயாம் நாட்டுக்குத் தூதுக்குழு அனுப்பியபோது, அவர்களையும் உடன் அனுப்பினார்.

1687-இல் புறப்பட்ட இரண்டாம் குழுவில் இயேசு சபையினர் 14 பேர் சென்றார்கள். அவர்களில் ஒருவர் ரிஷோ. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மாதக்கணக்கில் கப்பலில், புழு வைத்த ரொட்டியும் நாற்றமெடுத்த தண்ணீருமாகப் பலர் மடிந்துபோகும் பயணம் அக்காலத்துக் கடல் பயணம். ஓய்வெடுக்கும் வயதில் அவர் கப்பலேறினார்.

சயாமில் நல்ல வரவேற்பு இருந்தது. நாராய் மன்னர் வானியலில் ஆர்வமுள்ளவர். லோப்புரி நகரில் இயேசு சபையினருக்காக ஒரு வானாய்வுக் கூடமே எழும்பியது. 1688 ஏப்ரல் 30 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தை மன்னர் அவர்களோடு இருந்து பார்த்தார். நீண்ட காலம் தொடர வேண்டிய பணி இது என்றே எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

ஆனால் சில வாரங்களில் எல்லாம் தலைகீழானது. மன்னர் நோயுற்றார். பெட்ராச்சா என்ற தளபதி ஆட்சியைக் கைப்பற்றினார். ஜூலையில் நாராய் மன்னர் இறந்தார். பிரெஞ்சுக்காரர்கள் மீது வெறுப்பு மூண்டது. கிறிஸ்தவர்கள் சிறையும் துன்பமும் அனுபவித்தார்கள். ஆண்டின் முடிவில் பிரெஞ்சுப் படை நாட்டைவிட்டு வெளியேறியது. வானாய்வுக் கூடம் கைவிடப்பட்டது. அந்தக் குழப்பத்திலிருந்து தப்பி 1689-இல் புதுச்சேரி வந்தவர்களில் ரிஷோவும் ஒருவர்.

அன்றைய புதுச்சேரி, இன்று நாம் காணும் நகரம் அல்ல. 1674-இல் பிரான்சுவா மார்தேன் பொறுப்பேற்று வளர்த்துவந்த சிறிய வணிகக் குடியிருப்பு அது. டச்சுக்காரர்கள் எப்போது பாய்வார்களோ என்ற அச்சம் அங்கே எப்போதும் இருந்தது. எந்த நாட்டுக்கென்று அனுப்பப்பட்டாரோ, அந்த நாடு இல்லை. ஆதரித்த மன்னர் இல்லை. வயது 56. இனி நம்மால் என்ன ஆகும் என்று உட்கார்ந்துவிட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

ரிஷோ உட்கார்ந்துவிடவில்லை. அவரிடம் 12 அடி நீளத் தொலைநோக்கி இருந்தது. அக்காலத்துக் கண்ணாடி வில்லைகளில் விளிம்பெல்லாம் நிறம் பிரிந்து தெரியும். அதைக் குறைக்கக் குழாயை நீளமாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளமுள்ள குழாயை, கடற்காற்றில் ஆடாமல் நிறுத்தி ஒரு விண்மீனைப் பிடிப்பது எளிதான வேலை அன்று.

1689 டிசம்பர் மாதம் விடியற்காலையில் தென்கிழக்கு வானில் ஒரு வால்வெள்ளி தோன்றியது. வால்வெள்ளி தோன்றினால் அரசனுக்கு ஆகாது, நாட்டுக்கு ஆகாது என்று மக்கள் அஞ்சிய காலம். ரிஷோ அதை நாள்தோறும் கவனித்து, அது எந்த விண்மீன்களுக்கு அருகே நகர்கிறது என்று குறித்துவந்தார். அப்படிக் குறிக்கும்போதுதான் செண்டாரஸ் மண்டலத்தின் காலடியில் இருக்கும் ஒளிமிக்க விண்மீனைத் தொலைநோக்கியில் பார்த்தார். அங்கே ஒன்றல்ல, நெருங்கி நின்ற இரண்டு விண்மீன்கள் இருந்தன.

அதுதான் ஆல்ஃபா செண்டாரி. தொலைநோக்கி கொண்டு இந்திய மண்ணிலிருந்து செய்யப்பட்ட முதல் வானியல் கண்டுபிடிப்பு என்று அறிஞர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1685-இல், சயாமுக்குச் சென்ற முதல் குழுவின் இயேசு சபையினர் வழியில் நன்னம்பிக்கை முனையில் தங்கியபோது, தென்சிலுவை மண்டலத்தின் அடி விண்மீன் இரட்டை என்று கண்டிருந்தார்கள். சிலுவையைச் சுட்டிக்காட்டும் விண்மீனும் இரட்டைதான் என்பதை இப்போது ரிஷோ கண்டார்.

தாம் கண்டதன் முழுப் பொருள் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிவரும் என்பதை வில்லியம் ஹெர்ஷல் காட்டியது 1803-இல்தான். ஆல்ஃபா செண்டாரி எவ்வளவு தொலைவு என்பதைத் தாமஸ் ஹெண்டர்சன் 1839-இல் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னை வானாய்வகத்தின் தலைவராயிருந்த கேப்டன் ஜேக்கப், இந்த இரட்டையின் சுற்றுப்பாதையைக் கணக்கிட முயன்றார். இன்று நமக்குத் தெரிவது இது: இரண்டும் நம் கதிரவனைப் போன்றவை, ஒன்று சற்றுப் பெரியது, மற்றது சற்றுச் சிறியது. ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. ஒரு மனிதரின் நிறைவாழ்வு அளவு அது. மங்கலான மூன்றாவது துணை ஒன்றும் உண்டு என்பது 1915-இல் தெரியவந்தது. கதிரவனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம் இதுவே. இதன் ஒளி நம்மை அடைய நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அப்படியானால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். புதுச்சேரியில் ரிஷோவின் கண்ணில் பட்ட அந்த ஒளி 1685-இல் புறப்பட்டது. அப்போது அவர் சயாமுக்குக் கப்பலேறவே இல்லை. அவருடைய பயணமும் நம்பிக்கையும் வீழ்ச்சியும் நடந்த காலமெல்லாம் அந்த ஒளி வந்துகொண்டே இருந்தது. அவர் லோப்புரியிலேயே தங்கியிருந்தால் அந்த ஒளியை இந்தக் கரையில் நின்று பெற்றிருக்க மாட்டார்.

புதுச்சேரிக்கு வந்து நான்கே ஆண்டுகளில், 1693-இல், ரிஷோ இறைவனடி சேர்ந்தார். அதே ஆண்டில் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். ஆனால் அவர் கண்ட இரட்டையை அதன் பின் வந்தவர்கள் தொடர்ந்து அளந்தார்கள், இன்றும் அளக்கிறார்கள்.

நம் பங்குகளில் எத்தனை பேரை நாம் அறிவோம்! வெளிநாட்டு வேலை பாதியில் போய் ஊர் திரும்பியவர்கள், பருத்தியும் வெங்காயமும் கைவிட்டுக் கடனோடு நிற்கிறவர்கள், ஐம்பது வயதில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவர்கள். போட்ட திட்டம் உடைந்தது என்பதற்காகக் கையிலிருக்கும் வேலையின் மதிப்பு குறைவதில்லை என்பதை ரிஷோவின் வாழ்வு நமக்குச் சொல்கிறது. பெரிய பணி கைவிட்டுப் போன பிறகு, அடுத்த நாள் விடியலில் எழுந்து செய்த சிறிய பணியே அவர் பெயரைக் காத்தது. அதன் பயனை முழுவதும் காண்பது அவருக்கு அருளப்படவில்லை. அதற்காக அந்தப் பணி வீணாகிவிடவில்லை.

ஜூன் மாத நடுவில், மேகமில்லாத இரவில் ஒன்பது மணிக்குக் கொள்ளிடத்தின் வடகரையில் நின்று தெற்கே பாருங்கள். பெரம்பலூர்ப் பக்கம் விளக்கு வெளிச்சம் இல்லாத கொல்லைக்காடும் போதும். அடிவானத்துக்கு மேலே, நீட்டிய கையின் இரண்டு முட்டி உயரத்துக்குள், அருகருகே இரண்டு ஒளிமிக்க விண்மீன்கள் தெரியும். வலப்பக்கம் சற்றுத் தள்ளித் தென்சிலுவை சாயத் தொடங்கியிருக்கும். அந்த இரண்டில் இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா செண்டாரி. வீட்டுக் கொல்லையில் நிறுத்தும் சிறு தொலைநோக்கியே அதை இரண்டாகப் பிரித்துக் காட்டும். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். அதை முதலில் இரண்டாகக் கண்டவரின் கதையையும் சொல்லுங்கள்.