குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்ட்டெல்

மாணவச் செல்வங்களே, குதிரை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது ராஜா தேசிங்கின் கதையாக இருக்கலாம்; அல்லது ஜொகூர் அரச குடும்பத்தார் ஆடும் போலோ ஆட்டமாக இருக்கலாம். தோட்டப்புறத்தில் வாழும் நமக்குப் பசுவும் ஆடும் பழகிய விலங்குகள். குதிரையோ எட்ட நின்று காண்பது. ஆயினும், குதிரை மீதமர்ந்து உலகப் புகழ் எய்திய ஓர் அம்மையாரின் வரலாற்றை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

லிஸ் ஹார்ட்டெல் அம்மையார் 1921ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், டென்மார்க் தலைநகராகிய கோப்பன்ஹேகனை அடுத்த ஹெல்லரப் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே குதிரையேற்றத்தில் நாட்டம் கொண்டார். அவருக்கு முதலில் அக்கலையைக் கற்பித்தவர் அவருடைய தாயாரே ஆவார். குதிரையேற்றத்தில் பல பிரிவுகள் உண்டு. அவற்றுள் லிஸ் தேர்ந்தது 'டிரெசாஜ்' என்னும் பிரிவாகும். பயிற்றுதல் என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள்.

இப்போட்டியில் வேகத்திற்கு இடமில்லை. அறுபது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் கொண்ட மணற்களத்தில் குதிரை ஒன்று தனியே வரும். அது நடக்கும், துள்ளி ஓடும், பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கும், நின்ற இடத்திலேயே தாளம் தவறாமல் கால் மாற்றி ஆடும். இவையனைத்தையும் செய்விப்பவர் மேலே அமர்ந்திருப்பவர். அவர் வாய் திறந்து கட்டளையிடுதல் கூடாது. அங்கவடியில் ஊன்றிய கால்களால் குதிரையின் விலாவை மெல்ல அழுத்துவார். கடிவாள வாரை விரல்களால் சற்றே இறுக்குவார். சேணத்தின் மீது உடலின் பாரத்தை இப்புறமும் அப்புறமும் மாற்றுவார். காண்போர் கண்ணுக்கு அவர் அசையாமல் அமர்ந்திருப்பது போலத் தோன்றவேண்டும். நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் புள்ளி வழங்குவர். இக்கலையில் 1943, 1944 ஆகிய ஈராண்டுகளிலும் லிஸ் டென்மார்க்கின் வாகையராகத் திகழ்ந்தார்.

அந்த 1944ஆம் ஆண்டின் செப்டம்பர்த் திங்களில்தான் அவருடைய வாழ்வில் பேரிடி விழுந்தது. இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. இந்நோய் குழந்தைகளை மட்டுமே பற்றும் என்று எண்ணற்க. அப்பொழுது லிஸுக்கு வயது இருபத்து மூன்று. திருமணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகி, இரண்டாம் மகவை வயிற்றில் சுமந்திருந்த வேளை அது. கால்களும் கைகளும் செயலிழந்தன. வயிற்றிலிருந்த குழந்தை குறையேதுமின்றிப் பிறந்தது; தாயோ படுக்கையில் கிடந்தார்.

அந்நாளில் அந்நோய்க்குத் தடுப்பு மருந்து கிடையாது. ஜோனாஸ் சால்க் கண்டறிந்த தடுப்பூசி 1955இல்தான் புழக்கத்திற்கு வந்தது. வாய்வழிச் சொட்டு மருந்து அதற்கும் பின்னரே வந்தது. நம் தோட்டங்களிலும் முன்னாளில் கால் சூம்பிய பிள்ளைகள் இருந்தனர் என்பதை உங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டால் கூறுவர்.

லிஸ் படிப்படியாகக் கைகளின் வலிமையை மீட்டார். பின்னர் ஊன்றுகோல்களின் துணையால் நடக்கத் தொடங்கினார். எனினும் முழங்காலுக்குக் கீழே கால்கள் இறுதிவரை உயிர்பெறவேயில்லை. மீண்டும் குதிரையேறுவேன் என்று அவர் கூறியபோது, மற்றவர்கள் அதனை நடவாத செயலென்றே கருதினர். அவர்கள் கருதியதில் வியப்பில்லை. கீழ்க்கால்களால் குதிரையை அழுத்த இயலாதவர் டிரெசாஜ் களத்தில் இறங்குவது எவ்வாறு?

அதற்கு விடையாக அமைந்தது 'ஜூபிலி' என்னும் பெண் குதிரை. லிஸைச் சேணத்தில் ஏற்றவும் இறக்கவும் பிறர் துணை வேண்டும். ஏறி அமர்ந்த பின்னர், காலால் சொல்ல வேண்டியவற்றை முதுகாலும் இடுப்பாலும் உடற்பாரத்தாலும் சொல்ல அவர் புதிதாகக் கற்றார். ஜூபிலியும் அந்தப் புதிய மொழியைக் கற்றது. குதிரைக்குப் பாடம் கற்பிக்க எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை, வாய்ப்பாடு கற்பிக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களால் ஓரளவு உணர முடியும்! நோயுற்று மூன்றாண்டுகள் கழித்து, 1947இல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் போட்டியில் மகளிர் பிரிவில் லிஸ் இரண்டாம் இடம் பெற்றார்.

ஆயினும் ஒலிம்பிக் களத்தின் கதவு அவருக்கு அடைத்தே கிடந்தது. அதற்கு நோய் காரணமன்று. டிரெசாஜ் போட்டியில் இராணுவ அதிகாரிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பது அக்கால விதி. பெண்களுக்கும் இடமில்லை, சாதாரணப் படைவீரர்க்கும் இடமில்லை. இவ்விதி எத்துணைப் பொருந்தாதது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் சுவீடன் குழு தங்கம் வென்றது. அக்குழுவில் இருந்த பெர்சன் என்பவர் உண்மையில் சார்ஜண்டு. போட்டிக்காகவே அவரைத் தற்காலிகமாக அதிகாரியாக உயர்த்தியிருந்தனர். உண்மை வெளிப்பட்டதும் 1949இல் அத்தங்கம் பறிக்கப்பட்டுப் பிரான்சு நாட்டுக்கு அளிக்கப்பட்டது. குதிரைக்கு ஏறியவரின் பதவி தெரியுமா, என்ன? 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்கு முன் அவ்விதி நீக்கப்பட்டது.

நான்கு பெண்கள் ஹெல்சிங்கிக் களத்தில் இறங்கினர். அவர்களுள் ஒருவர் லிஸ். சுவீடனைச் சேர்ந்த ஹென்றி செயின்ட் சீர் 561 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். லிஸ் பெற்றவை 541.5 புள்ளிகள். மூன்றாமவராகிய பிரான்சு நாட்டவர் ஜூசோமிற்குக் கிடைத்தவை 541. அரைப் புள்ளியில் வெள்ளிப் பதக்கம் லிஸின் கழுத்தை அணி செய்தது. ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் தனிநபர் பதக்கம் வென்ற முதற்பெண் அவரே. பதக்க மேடையில் ஏறுவதற்கு அவருக்குக் கைகொடுத்துத் துணை நின்றவர், தங்கம் வென்ற செயின்ட் சீர். அதுவரை கண்டு களித்தோருள் பலர், குதிரையின் மீது அத்துணை அழகுற அமர்ந்திருந்தவரால் தரையில் தனித்து நடக்க இயலாது என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தனர்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் கோப்பன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் கொடிய கொள்ளை நோயாகச் சூழ்ந்தது. மூச்சுவிட இயலாத நோயாளிகளுக்கு, ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாகக் கையாலேயே காற்றுப்பையை அழுத்தி உயிரூட்டினர். லிஸ் பெற்ற வெள்ளிப் பதக்கம் அந்நகரத்து நோயாளிகளுக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

நம் மலாயா முதன்முதலாகப் பங்குகொண்ட ஒலிம்பிக், 1956ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக் ஆகும். வெளிநாட்டுக் குதிரைகளை உள்ளே விட ஆஸ்திரேலியாவின் நோய்த்தடுப்புச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் அவ்வாண்டு ஜூன் திங்களில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்றன. அங்கும் செயின்ட் சீர் 860 புள்ளிகளுடன் முதலிடம். லிஸும் ஜூபிலியும் 850 புள்ளிகளுடன் மீண்டும் வெள்ளி. மூன்றாமிடம் பெற்ற ஜெர்மனியின் லிசலாட் லின்சன்ஹாப் அம்மையார், 1972இல் மூனிக் நகரில் தங்கமே வென்றார். டிரெசாஜ் தனிநபர் போட்டியில் தங்கம் வென்ற முதற்பெண் அவர்.

பிற்காலத்தில் லிஸ், தம்மைப் போன்று நோயுற்றவர்களுக்குப் பொருள் திரட்டக் குதிரையேற்றக் காட்சிகள் நடத்தினார். உடல் ஊனமுற்றோர்க்குக் குதிரையேற்றத்தையே ஒரு சிகிச்சையாக அளிக்கும் முறை ஐரோப்பாவில் பரவுவதற்கு அவருடைய வெற்றி பெருந்தூண்டுதலாயிற்று. நெதர்லாந்தில் அப்பணிக்கென எழுந்த அறநிறுவனம் அவர் பெயரையே சூடிக்கொண்டது. 1996இல் அட்லாண்டாவில் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டிகளில் டிரெசாஜ் இடம்பெற்றது. அதனைக் காணவும் அவர் வாழ்ந்திருந்தார். 2009ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள், தமது எண்பத்தேழாம் வயதில் லிஸ் அம்மையார் இயற்கை எய்தினார்.