காக்கக் கற்பித்த ஆசான்

ராமச்சந்திராபுரத்துத் திடல்களில் மாலை வேளையில் சிறுவர்கள் பந்தாடுவதைக் கண்டிருப்பீர்கள். பந்து எங்கே உருள்கிறதோ அங்கே அத்தனை பேரும் ஓடுவார்கள். கோல் அடிக்க எல்லாருக்கும் ஆசை. பின்னால் நின்று காக்கச் சொன்னால் முகம் வாடிவிடும். ஆட்டத்தில் வலிமை குன்றியவனைப் பிடித்துப் பின்னால் நிறுத்துவதே சிறுவர் உலகின் சட்டம். அச்சட்டம் தவறு என்பதைத் தம் வாழ்நாளால் மெய்ப்பித்த பெருமகன் ஒருவர் இதே ஐதராபாத் நகரில் வாழ்ந்தார். அவரே சையது அப்துல் ரகீம்.

1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பிறந்தவர் ரகீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கேயே பந்தும் ஆடினார். பின்பு பள்ளி ஆசிரியரானார். கரும்பலகையின் முன் பெற்ற பொறுமையே பின்னாளில் பந்தாட்டத் திடலில் அவருக்குப் பெருந்துணையாயிற்று. 1950இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியைப் பயிற்றும் பொறுப்பை ஏற்றார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், அவர் பயிற்றிய இந்திய அணி ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது.

வெற்றி மட்டுமே வாழ்வாகுமா? 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று வீழ்த்தியது. நம் வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். பின்வரிசையில் இருவரை மட்டும் நிறுத்தும் பழைய முறை, ஐரோப்பியரின் விரைவுக்கு முன் மணல்வீடெனச் சரிந்தது. வேறொருவராயின் விதியை நொந்திருப்பார். ரகீமோ அத்தோல்வியைப் பாடமாகக் கொண்டார். பின்வரிசையில் மூவரை நிறுத்தும் முறையைக் கைக்கொண்டார். விளைவு என்ன? 1956இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெயரை இந்தியா பெற்றது.

இளைஞருக்கு அவர் பயிற்சி அளித்த முறையும் புதுமையானது. பந்தைத் தன் காலிலேயே வைத்துக் கொண்டு ஓடக் கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். பழகாத காலால் மட்டுமே உதைக்கும் போட்டிகளும் வைத்தார். தனியொருவன் திறமையைக் காட்டிலும் தோழனை நோக்கும் கண்ணே பெரிது என்பது அதன் உட்பொருள்.

அக்கண் காப்பாட்டத்துக்கு இன்றியமையாதது. சிறுவருக்குச் சொல்லித்தர வேண்டியவை சிலவே. பந்துக்கும் நம் கோலுக்கும் இடையில் நில். எதிரியிடம் பாய்ந்து விழாதே. பக்கவாட்டில் திரும்பி, முழங்காலைச் சற்றே மடக்கி, அவனைத் தாமதப்படுத்து. அவன் காலின் ஏமாற்றைப் பாராதே, பந்தைப் பார். ஒருவன் எதிர்கொள்ளச் சென்றால் மற்றவன் அவன் பின்னே துணைநிற்க வேண்டும். இவற்றைக் கற்ற சிறுவன் பந்தாட்டம் மட்டுமா கற்கிறான்? தன் தோழன் தவறினால் தாங்கும் பண்பையும் கற்கிறான்.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குச் சென்றபோது ரகீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக் கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியா நம்மை 2-0 என வென்றது. தாய்லாந்துடன் ஆடுகையில் பின்வரிசையின் தூணான ஜர்னெயில் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போட நேர்ந்தது. அவரை முன்வரிசைக்கு மாற்றினார் ரகீம். காப்பவன் அடிக்கவும் வல்லவன் என்று அவர் நம்பினார், அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம், மீண்டும் தென்கொரியா. கூட்டம் நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி.கே. பானர்ஜி ஒரு கோலும், ஜர்னெயில் ஒரு கோலும் அடித்தனர். இறுதி நிமிடங்களில் கொரியர் ஒன்றைத் திருப்பினர். பின்வரிசை தளரவில்லை, ஐதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்து நின்றார். 2-1. தங்கம் நமதாயிற்று.

ஓராண்டும் நிறையவில்லை. 1963 ஜூன் 11 அன்று ரகீம் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதே இல்லை.

மாணவத் தோழர்களே! உங்கள் தெருவில் சிறுவர்கள் பந்தாடினால் அரைமணி நேரம் அவர்களோடு நில்லுங்கள். ஆட்டத்தில் வல்லவனையே ஒருநாள் பின்னால் நிறுத்திப் பாருங்கள். காப்பது தாழ்ந்த வேலையன்று என்று அச்சிறுவன் உணர்வானாயின், ரகீம் என்னும் ஆசானுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.