மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச்: செயல்வழிக் கற்றலின் ஒரு களம்

செயல்வழிக் கற்றல் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் ஜான் டூயியில் தொடங்கி டேவிட் கோல்பில் முடிகின்றன. புதுக்கடைக்கு அருகிலுள்ள மார்த்தாண்டத்தில் அக்கற்றல்முறை உழவர்களின் கைகளில் சோதிக்கப்பட்ட வரலாறு அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. அவ்வரலாற்றின் மையத்தில் நிற்பவர் டுவேன் ஸ்பென்சர் ஹேட்ச்.

அமெரிக்கரான ஹேட்ச் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். கிறித்தவ இளைஞர் சங்கத்தின் (ஒய்.எம்.சி.ஏ.) பணியாளராக இந்தியா வந்தார். அச்சங்கத்தின் தேசியப் பொதுச்செயலாளர் கே.டி. பால் முன்னெடுத்த ஊரகப் புனரமைப்புப் பணியின் வழியில், 1920களில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் செயல்விளக்க மையம் ஒன்றை உருவாக்கினார்.

கோழி வளர்ப்பு, கூட்டுறவு முட்டை விற்பனை எனப் பல பணிகள் அங்கு நடந்தன. எனினும் அவருடைய கற்பித்தல் முறையைத் தெளிவாகக் காட்டுவது தேனீ வளர்ப்பே. பொந்துகளில் இருக்கும் அடையைப் பிய்த்துப் பிழிந்து தேனெடுப்பது பழைய வழக்கம். அதில் புழுக்கள் மடியும், கூட்டம் கலையும். பெட்டிக்குள் கழற்றி மாட்டும் சட்டங்களை அமைத்து, சுழல்கருவியால் தேனைப் பிரித்தால் அடை சிதையாது. தேனீக்கள் அதையே மீண்டும் நிரப்பும். இதைச் சொற்பொழிவால் மட்டும் கற்பிக்க இயலாது. கொட்டுக்கு அஞ்சும் கை சட்டத்தைத் தூக்க வேண்டும்; புழுவறை எது, தேனறை எது எனக் கண் பிரித்தறிய வேண்டும். பெட்டியின் அருகே நின்று பெறும் பயிற்சியே இதற்குரிய வகுப்பு. இந்தியத் தேனீக்கான பெட்டி வகைகளுள் ஒன்றுக்கு மார்த்தாண்டம் பெட்டி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இந்தத் தேர்வில் சமூக நோக்கும் உண்டு. தேனீக்கு வயல் வேண்டா. குடிசையின் புறத்தே ஒரு பெட்டி வைக்க இடம் போதும். நிலமற்றவரும் மாணவராக முடிந்த பாடம் அது.

தன்னுதவியும் அதற்குத் துணைநிற்கும் வல்லுநரின் நெருங்கிய அறிவுரையுமே ஹேட்ச் வகுத்த நெறி. கற்பிப்பவர் வேலையைத் தாமே செய்து கொடுப்பதில்லை. கற்பவரைத் தனியே விட்டு விலகுவதுமில்லை. செய்து, கண்டு, எண்ணி, மீண்டும் செய்யும் அனுபவக் கற்றல் சுழற்சியைக் கோல்ப் தம் நூலில் விளக்கியது 1984இல். ஹேட்ச் மார்த்தாண்ட அனுபவங்களை முதல் நூலாக்கியது 1932இல். காந்தியடிகளின் வார்தா கல்வித் திட்டம்கூட 1937இல்தான் உருப்பெற்றது. காலத்தால் முந்தியது என்பதாலேயே அதைக் கோட்பாடாகக் கொள்ள முடியாது. ஹேட்ச் எழுதியவை களப்பணியாளரின் நூல்கள். அவற்றில் கற்பவரின் குரலைவிடப் பயிற்றுநரின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. தொடர்ச்சியான நூல் 1938இல் வெளிவந்தது.

பின்னாளில் மெக்சிகோவிலும், யுனெஸ்கோ சார்பில் இலங்கையின் மின்னேரியாவிலும் அவர் இம்முறையைக் கொண்டுசென்றார்.