பார்த்து எழுதாத விடை

சென்ற தவணையில் நிகழ்தகவு ஒப்படையை நானும் தோழியும் ஒன்றாக இருந்து செய்தோம். கடைசிக் கணக்கில் இருவருக்கும் ஒரே விடை. ஒரே விடை வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நிம்மதியாகக் கொடுத்தோம். இருவருக்குமே பிழை! உண்மையில் அவள் எழுதியதைப் பார்த்துத்தான் நான் எழுதியிருந்தேன். இரண்டு கொப்பிகளில் இருந்தது ஒரே விடைதான்.

இந்த வெட்கத்தோடுதான் பிரசந்த சந்திர மகலனோபிஸின் வாழ்க்கையை வாசித்தேன்.

அவர் 1893 ஜூன் 29இல் கல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் கற்று, கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே நம் மொழி பேசிய கணித மேதை இராமானுஜன் அவருக்கு நண்பரானார். 1915இல் தாயகம் திரும்பும் வேளையில் புள்ளிவிபரவியல் சஞ்சிகை ஒன்று கண்ணில் பட்டது. அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே வாசித்தார். பௌதிகவியல் ஆசிரியராக இருந்தபடியே புதிய துறையில் இறங்கி, 1931இல் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

1937இல் வங்காளத்தின் சணல் செய்கையை அளக்கும் பணியை ஆரம்பித்தார். எல்லா வயலையும் அளக்க முடியாது. எழுமாறாகத் தெரிந்த சிறு துண்டுகளை அளந்து மொத்தத்தை மதிப்பிட வேண்டும். ஆனால் அளப்பவர் பிழைவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே பிரதேசத்தில் இரண்டு தனித்தனி மாதிரிகளைத் தெரிந்து, இரண்டு வேறு குழுக்களிடம் கொடுத்தார். இரு மதிப்பீடுகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். பெரிதும் விலகினால் எங்கோ பிழை உள்ளது.

இந்த முறையின் உயிர், ஒரு குழு மற்றதைச் சாராதிருப்பதுதான். நாம் படிக்கும் சாரா நிகழ்ச்சிகள் இவைதாம். ஒரு கணக்கில் நான் பிழைவிடும் நிகழ்தகவு 1/10, தோழிக்கும் 1/10 என்போம். தனித்தனியே செய்தால் இருவரும் பிழைவிடும் நிகழ்தகவு 1/10 × 1/10 = 1/100. நான் அவளைப் பார்த்து எழுதினால் அது 1/10 ஆகவே நிற்கும். இரண்டாவது கொப்பியால் ஒரு பயனும் இல்லை.

1950இல் தொடங்கிய இந்தியத் தேசிய மாதிரி அளவீட்டிலும் இம்முறை இடம்பெற்றது. 1972 ஜூன் 28இல், 79ஆவது பிறந்த நாளுக்கு முதல் நாள், மகலனோபிஸ் மறைந்தார். அவர் பிறந்த நாளை இந்தியா புள்ளிவிபர தினமாகக் கொண்டாடுகிறது.

எங்கள் ஒலுவிலில் வெள்ளாமை வெட்டுக்கு முன் எத்தனை மூடை தேறும் என்று வாப்பா மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவார். அதை வெளியே சொல்லமாட்டார். வட்டைக்குப் போய் வந்த மாமாவிடம்தான் முதலில் கேட்பார். ஏன் இந்த ஒளிப்பு என்று நான் சிரித்ததுண்டு. தன் கணக்கைச் சொல்லிவிட்டால் மாமாவின் வாயிலிருந்தும் அதுவே வரும் என்பது வாப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது நானும் தோழியும் அவரவர் வீட்டில் கணக்கைச் செய்துவிட்டுத்தான் கொப்பியைத் திறக்கிறோம். விடைகள் வேறுபடும் நாட்களில் இருவரும் தேடிப் பிழையைப் பிடிக்கிறோம். சகோதரிகளே, உங்கள் தோழிக்கு உதவ வேண்டுமானால் முதலில் உங்கள் விடையை நீங்களே எழுதுங்கள்.