திடீர்னு கொந்தளிக்கும் குழந்தை நட்சத்திரங்கள்... பேர் வெச்சவர் கதை தெரியுமா?

1936-ம் வருஷக் குளிர்காலம். ஓரியன் மண்டலத்தில், நம்ம பஞ்சாங்கம் மிருகசீரிடம்னு சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில், யாருமே கண்டுகொள்ளாத ஒரு மங்கலான நட்சத்திரம் சில மாசங்களுக்குள் நூறு மடங்குக்கும் மேல பிரகாசமாச்சு. வெடிச்ச நட்சத்திரம்னா கொஞ்ச நாள்ல மங்கிடணும். இது மங்கவே இல்லை. எஃப்.யு. ஓரியானிஸ்னு பேர் வெச்சாங்க. காரணம் மட்டும் புரியலை.

அதே குளிர்காலத்தில் சோவியத் ரஷ்யாவின் லெனின்கிராட்டில் 28 வயசு வானியலாளர் ஒருத்தர், தன்னோட வேலை பார்த்தவங்க ஒவ்வொருத்தரா காணாமல் போறதைப் பார்த்துட்டிருந்தார். விக்டர் அம்பர்த்சுமியன். ஸ்டாலினின் கைது வேட்டை புல்கோவோ வான் ஆய்வகத்துக்குள் புகுந்திருந்தது. இவரோட சேர்ந்து ஆய்வு செஞ்ச நெருங்கிய நண்பர் கோசிரெவ், பத்து வருஷம் சிறையிலயும் முகாம்லயும் கிடந்தார். ஆய்வக இயக்குநர் கெராசிமோவிச்சை 1937-ல் சுட்டே கொன்னாங்க. அம்பர்த்சுமியன் தப்பிச்சார். பிறகு கட்சியில் சேர்ந்தார், ஸ்டாலின் பரிசும் வாங்கினார். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கிறப்போ மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்யுது.

அவர் பிறந்தது 1908-ல், ஜார்ஜியாவின் டிஃப்லிஸ் நகரத்தில், ஆர்மேனியக் குடும்பத்தில். அப்பா, ஹோமரின் இலியட் காவியத்தை ஆர்மேனிய மொழிக்குக் கொண்டுவந்த அறிஞர். பையனுக்கோ கணக்கும் வானமும்தான்.

இங்கே நமக்கும் ஒரு கிளைக்கதை இருக்கு. 1934-ல் லெனின்கிராட் வந்த நம்ம எஸ்.சந்திரசேகரைச் சந்திச்சப்போ, வெண்குள்ள நட்சத்திரக் கணக்கைத் தோராயமா விடாம முழுசா போட்டுப் பாருங்கன்னு தூண்டினவர் இவர்தான். அந்தக் கணக்கோடதான் அடுத்த வருஷம் லண்டன்ல எடிங்டன் முன்னாடி நின்னார் சந்திரசேகர். அந்தச் சண்டை ஊரறிஞ்ச கதை!

போர்க் காலத்தில் ஆர்மேனியாவுக்குப் போனவர், 1946-ல் அராகட்ஸ் மலைச்சரிவில் இருக்கும் பியூராகான் கிராமத்தில் வான் ஆய்வகம் தொடங்கினார். மறு வருஷமே பெரிய விஷயம் ஒண்ணைச் சொன்னார். வானத்தில் சில நட்சத்திரக் கூட்டங்கள் ரொம்பத் தளர்வா இருக்கு. பால்வீதியோட இழுவிசையில் அதெல்லாம் சீக்கிரமே கலைஞ்சு போயிருக்கணுமே, இன்னும் கலையலைன்னா? அவை இப்பதான் பிறந்திருக்கு! நட்சத்திரப் பிறப்பு என்னைக்கோ முடிஞ்ச கதை இல்லை, இன்னைக்கும் கூட்டம் கூட்டமா நடக்குதுன்னு அவர் காட்டினது இப்படித்தான்.

1969 வாக்கில் சிக்னஸ் மண்டலத்திலும் ஒரு இளம் நட்சத்திரம் அதே மாதிரி கொந்தளிக்க, அம்பர்த்சுமியன் உஷாரானார். ஓரியனில் நடந்தது விதிவிலக்கு இல்லை, இது ஒரு தனி வகைன்னு 1971-ல் எழுதினார். அந்த எஃப்.யு. ஓரியானிஸ் பேரையே சுருக்கி, 'ஃபுவோர்'னு பேர் வெச்சார். இன்னைக்கும் உலகம் முழுக்க அதே பேர்தான்.

ஆனா, காரணம் சொன்னதில் சறுக்கிட்டார். நட்சத்திரத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும் அதி அடர்த்தியான ஏதோ ஒரு ஆதிப்பொருள்தான் ஆற்றலைக் கக்குதுன்னு கடைசி வரைக்கும் நம்பினார். அப்படி எதுவும் சிக்கலை. இன்னைக்கு வானியலாளர்கள் பெரும்பாலும் ஏத்துக்கிட்ட விளக்கம் வேற. குழந்தை நட்சத்திரத்தைச் சுத்தி வாயுவும் தூசும் தட்டு மாதிரி சுழலுது. வழக்கமா அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ளே விழும். எப்பவாவது அணை உடைஞ்ச மாதிரி மொத்தமா கொட்டும். ஒரே வருஷத்தில் முப்பது பூமி எடைக்குக்கூட! அப்போ அந்தத் தட்டே நட்சத்திரத்தைவிடப் பளிச்னு எரியும். நம்ம சூரியனும் சின்ன வயசுல இப்படி ஆட்டம் போட்டிருக்கலாம்.

1961-லிருந்து 1964 வரை சர்வதேச வானியல் சங்கத் தலைவர், நாற்பது வருஷத்துக்கும் மேல ஆர்மேனிய அறிவியல் அகாடமி தலைவர்னு பதவிகளுக்குக் குறைவில்லை. அப்படிப்பட்ட மனுஷர் 1990-ல், 82-வது வயசில், கராபாக் ஆர்மேனியர்களுக்காக மாஸ்கோ ஹோட்டல் ஒன்றில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பல வருஷம் தன்னைக் கொண்டாடிய அரசுக்கு எதிராகவே!

1996 ஆகஸ்ட்டில் பியூராகானில் காலமானார். ஆய்வக வளாகத்திலேயே அடக்கம் செஞ்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஆர்மேனியாவின் 100 டிராம் நோட்டில் அவர் முகம் வந்தது. பின்பக்கம் அவரோட ஆய்வகம். எஃப்.யு. ஓரியானிஸ்? 1936-ல் ஆரம்பிச்ச கொந்தளிப்பு இன்னும் பெருசா அடங்கலை.