வயலின் கம்பியிலிருந்து ஸ்ட்ரிங் தியரி வரை: திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனின் கதை

ஸ்ட்ரிங் தியரி பற்றி யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தாலே பலருக்குத் தலை சுற்றும். பத்துப் பரிமாணங்கள், எந்தக் கருவிக்கும் சிக்காத இழைகள், பக்கம் பக்கமாகக் கணக்கு. ஆனால் அதன் அடியில் இருக்கும் யோசனை ரொம்பப் பழையது. ஒரு பொருள் எப்படி அதிர்கிறது என்று தெரிந்தால், அது என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான்.

இந்த யோசனையோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒருவர் திருச்சிக்காரர். சர் சி.வி. ராமன். பாடப்புத்தகத்தில் அவர் ஒளியை ஆராய்ந்த விஞ்ஞானி. ஆனால் நோபல் பரிசுக்கு வெகு காலம் முன்பே அவர் பெயர் வாங்கியது வயலின் கம்பியிலும் மிருதங்கத் தோலிலும்தான்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில்

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த ஸ்ரீரங்கம் தீவில், அரங்கநாதர் கோயிலுக்குக் கொஞ்சம் கிழக்கே இருக்கிறது திருவானைக்காவல். அங்கே தாய்வழித் தாத்தா வீட்டில் 1888 நவம்பர் 7 அன்று ராமன் பிறந்தார். தாத்தா சப்தரிஷி சாஸ்திரி சமஸ்கிருத அறிஞர். தர்க்க சாஸ்திரம் படிக்க இளம் வயதில் வங்காளம் வரை நடந்தே போனவர் என்று குடும்பத்தில் சொல்வார்கள். அப்பா சந்திரசேகர ஐயர் திருச்சியில் ஆசிரியராக இருந்தார். பிறகு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. ராமன் அப்போது சின்னக் குழந்தை.

அப்பா வயலின் வாசிப்பார். வீட்டில் கணிதம், இயற்பியல் புத்தகங்கள் நிறைய இருந்தன. இசை ஒலி பற்றி ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய நூலை ராமன் சிறு வயதிலேயே படித்தார். அதன் பாதிப்பு அவரிடம் கடைசி வரை இருந்தது.

அரசு அதிகாரி ஏன் வயலினைக் கையில் எடுத்தார்?

சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. முடித்தபோது ராமனுக்கு 18 வயதுதான். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போக உடல்நிலை தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க அப்போது வழி கிடையாது. நிதித்துறைத் தேர்வில் முதலிடம் வாங்கி, அதே ஆண்டு கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார்.

பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய அமைப்பு அது. ஆய்வுக்கூடம் இருந்தது, ஆனால் பயன்படுத்த ஆள் இல்லை. விடியற்காலையில் அங்கே போய் வேலை செய்வது, பிறகு ஆபீஸ், மாலையில் மறுபடியும் ஆய்வுக்கூடம். இப்படியே ஓடியது வாழ்க்கை. விலை உயர்ந்த கருவி வாங்க வசதி இல்லை. கம்பியும் தோலும் கிடைத்தன. அதனால் ஒலியியலில் இறங்கினார்.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை ஏற்க அரசு வேலையை விட்டார். சம்பளம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இன்றைக்கு நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுப் பிடித்த வேலைக்குத் தாவலாமா என்று யோசிப்பவர்களுக்கு, அது எவ்வளவு பெரிய முடிவு என்று புரியும்.

ஒரு கம்பிக்குள் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டு முனையும் கட்டப்பட்ட கம்பி தன் இஷ்டத்துக்கு அதிர முடியாது. முழுசாக அதிரலாம், இரண்டு பாகமாக அதிரலாம், மூன்று பாகமாக அதிரலாம். நடுவில் இரண்டரைப் பாகம் என்று ஒன்று கிடையாது. அதனால் கம்பியிலிருந்து வரும் சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் 1, 2, 3, 4 என்ற முழு மடங்குகளாக இருக்கும். இவற்றில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் வீணையா வயலினா என்று காது கண்டுபிடிக்கிறது.

வில் போட்டு இழுக்கும்போது கம்பி எப்படி நகர்கிறது என்பதற்கு ராமன் 1918-ல் ஒரு விரிவான கோட்பாடு தந்தார். கணக்கோடு நிறுத்தவில்லை. வில்லை அசையாமல் வைத்து, வயலினை இயந்திரத்தால் முன்னும் பின்னும் நகர்த்தும் ஒரு கருவியைக் கட்டினார். வில்லின் வேகம், அழுத்தம், அது கம்பியைத் தொடும் இடம் ஆகியவற்றை மாற்றி மாற்றி அளந்தார். வீணை, தம்புராவின் அகலமான, வளைந்த குதிரை ஏன் அத்தனை துணைச் சுரங்களை எழுப்புகிறது என்றும் ஆராய்ந்தார்.

மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதியோடு பேசுகிறது?

கம்பிக்கு இருக்கும் ஒழுங்கு தோலுக்குக் கிடையாது. வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரண தோலில் துணைச் சுரங்கள் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று தாறுமாறாக வரும். அதனால்தான் பல மேளங்களில் சத்தம் கேட்கும், சுரம் கேட்காது.

மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் விதிவிலக்கு. நடுவில் இருக்கும் கருப்பு வட்டமான கரணை, தோலின் எடையை மாற்றி, அதிர்வுகளை முழு மடங்குகளுக்கு இழுத்து வருகிறது. 1920-ல் மாணவர் சிவகாளி குமாருடன் சேர்ந்து ராமன் இதை வெளியிட்டார். பின்னாளில் தோல் மேல் மணலைத் தூவி, அதிராத இடங்களில் மணல் கோடு கட்டுவதைப் பார்த்து, 9 அதிர்வு முறைகள் 5 சுரங்களுக்குள் அடங்குவதைக் காட்டினார். மிருதங்கம் செய்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் கண்டுபிடித்ததற்கு இயற்பியலில் ஒரு விளக்கம் கிடைத்தது.

கம்பியிலிருந்து மூலக்கூறுக்கு

1928 பிப்ரவரி 28. தேசிய அறிவியல் தினமாக நாம் கொண்டாடும் நாள். கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து செய்த ஆய்வில் வந்த ராமன் விளைவும் அதிர்வின் கதைதான். ஒளி ஒரு மூலக்கூறின் மேல் பட்டுச் சிதறும்போது, அதில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதிர்வுகள் வேறு. அதனால் மருந்தில் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் ராமன் நிறமாலைக் கருவியைத்தான் எடுக்கிறார்கள். 1930-ல் நோபல் பரிசு வந்தது. அறிவியலில் ஆசியாவுக்குக் கிடைத்த முதல் நோபல் அது.

ராமன் எங்கே சறுக்கினார்?

1933-ல் ராமன் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகப் போனார். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய மேக்ஸ் போர்னை 1935-ல் அங்கே வரவழைத்தவர் அவர்தான். ஆனால் 1940-களில் அதே போர்னோடு கடுமையாக மோதினார். விஷயம் மறுபடியும் அதிர்வு. ஒரு படிகத்தில் இருக்கும் அணுக்கள் குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் மட்டுமே அதிர்கின்றன என்றார் ராமன். தொடர்ச்சியான, நெருக்கமான அதிர்வெண்கள் இருக்கும் என்றது போர்னின் கோட்பாடு.

ராமனின் படம் அழகாக, எளிமையாக இருந்தது. ஆனால் 1950-களில் நியூட்ரான்களைப் படிகத்தில் செலுத்தி அளந்தபோது போர்ன் பக்கமே சரி என்று தெரிந்தது. மிருதங்கத்தில் ராமனைச் சரி என்று சொன்ன அதே நீதிபதி, அதாவது சோதனை, படிகத்தில் அவரைத் தவறு என்று சொன்னது. அவர் தன் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1970 நவம்பர் 21 அன்று, தான் உருவாக்கிய பெங்களூரு ஆய்வு நிறுவனத்திலேயே மறைந்தார்.

சரி, ஸ்ட்ரிங் தியரி சொல்வது என்ன?

ராமனின் கடைசி ஆண்டுகளில்தான் அது பிறந்தது. 1968-ல் இத்தாலிய விஞ்ஞானி வெனெட்சியானோ, அணுக்கருவில் இருக்கும் துகள்களின் மோதலை விளக்க ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அந்தச் சூத்திரம் அதிரும் இழைகளைத்தான் பேசுகிறது என்று 1970 வாக்கில் நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் மூவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். பிறகு அது எல்லாத் துகள்களுக்குமான கோட்பாடாக வளர்ந்தது. எலக்ட்ரான் ஒரு புள்ளி இல்லை. அது ஒரு நுண்ணிய இழையின் ஒருவகை அதிர்வு. இன்னொரு வகையில் அதிர்ந்தால் வேறு துகள். ஈர்ப்பு விசைக்கான துகளும் இந்தக் கணக்கில் தானாகவே வந்துவிடுகிறது. இதுதான் விஞ்ஞானிகளை ஈர்த்தது.

ராமனுக்கும் இந்தக் கோட்பாட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் வயலின் கம்பிக்கான 1, 2, 3 என்ற அதே வரிசைதான் இங்கேயும்.

இதில் ராமானுஜன் எங்கே வருகிறார்?

அந்த வரிசையில்தான். ராமனுக்கு 11 மாதம் கூட மூத்தவரில்லாத சீனிவாச ராமானுஜனும் காவிரிக் கரைக்காரர். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1+2+3+4 என்று முடிவில்லாமல் கூட்டினால், ஒரு தனி முறைப்படி அதற்கு −1/12 என்ற மதிப்பு தரலாம் என்று 1913-ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். சாதாரணக் கூட்டலில் இது வராது.

இழையின் ஒவ்வொரு அதிர்வுக்கும் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கூட்டும்போது இந்த −1/12 தேவைப்படுகிறது. கோட்பாட்டின் முதல் வடிவத்துக்கு 26 பரிமாணங்கள் வேண்டும் என்ற முடிவு அங்கிருந்து வருகிறது. பின்னால் வந்த சூப்பர்ஸ்ட்ரிங் வடிவத்தில் அது 10 ஆகிறது.

அப்படின்னா ஸ்ட்ரிங் தியரி உண்மையா?

இன்னும் யாராலும் சொல்ல முடியாது. அந்த இழையின் நீளம் ஏறத்தாழ 10-இன் அடுக்கு −35 மீட்டர் என்று பொதுவாகக் கணிக்கிறார்கள். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதல் இயந்திரத்தால்கூட அந்த அளவை நெருங்க முடியாது. கணிதம் அழகாக இருக்கிறது, கணிதத்துக்கே நிறையப் புது வழிகளைத் திறந்திருக்கிறது. ஆனால் வயலினை நகர்த்தி அளந்த மாதிரி, தோலில் மணலைத் தூவிப் பார்த்த மாதிரி ஒரு சோதனை அதற்கு இன்னும் வாய்க்கவில்லை.

அடுத்த முறை ஸ்ட்ரிங் தியரி நிரூபிக்கப்பட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். எதை வைத்து அளந்தார்கள்? ராமன் சரியாக இருந்த இடத்திலும், தவறிய இடத்திலும், கடைசியில் பதில் சொன்னது அந்தக் கேள்விதான்.