ஹென்றி போர்டும் அவர் மைந்தர் எட்செலும்

மோட்டார் வண்டித் தொழிலில் ஹென்றி போர்டு அடைந்த கீர்த்தியை அறியாதார் நம்மவருள் மிகச் சிலரே. சென்னையை அடுத்த மறைமலை நகரில் அவர் பெயர் தாங்கிய தொழிற்சாலை 2022-ஆம் ஆண்டு வரை கார்கள் செய்துவந்தமையால், நம் பிள்ளைகளுக்கும் அப்பெயர் புதிதன்று. ஏழைக் குடியானவன் மகன் கோடீசுவரன் ஆனான் என்று அவர் சரித்திரத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கம். அதில் இரண்டு குறைகள் உள. அவர் தந்தையார் ஏழையல்லர் என்பது ஒன்று. கோடீசுவரர் ஆனதோடு கதை முடிந்துவிடவில்லை என்பது மற்றொன்று. அவர் பொருள் ஈட்டிய பெருமையைப் பலரும் எழுதியுள்ளனர். ஈட்டியதைப் பெற்ற பிள்ளையிடம் ஒப்புவிக்க மனம் வராமல் அவர் பட்ட பாட்டையும், பிள்ளையைப் படுத்திய பாட்டையும், தகப்பனும் மகனும் ஒரே கடையில் அமர்ந்து தொழில் நடத்தும் குடும்பத்தார் அறிதல் நலமென்று கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மிச்சிகன் மாகாணத்து டெட்ராயிட் நகருக்கு அணித்தே, டியர்பார்ன் என்னும் ஊரையடுத்த பண்ணையொன்றில் 1863-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் நாள் ஹென்றி பிறந்தார். தந்தையார் வில்லியம் போர்டு, அயர்லாந்து தேசம் பஞ்சத்தால் நலிந்த 1847-ஆம் ஆண்டில் அங்கிருந்து குடியேறி, உழைப்பினால் நிலபுலங்கள் தேடிக்கொண்டவர். அன்னையார் மேரி 1876-இல் பிரசவத்தின்பின் காலஞ்சென்றார். அதே ஆண்டில் தந்தையோடு வண்டியிற் செல்லுகையில், குதிரை பூட்டாமல் தானே உருண்டுவந்த நீராவி யந்திரமொன்றைச் சிறுவர் பாதையிற் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவே இல்லை. மகன் நிலத்தைக் கவனித்துத் தம்மோடு இருக்கவேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனோ பதினாறாம் வயதில் டெட்ராயிட் சென்று யந்திரசாலையிற் பணி பயிலத் தொடங்கினார். பின்னர் ஊர் திரும்பிய காலத்தும் ஏரில் அவர் மனம் செல்லவில்லை. தந்தையின் விருப்பத்தைக் கடந்து தம் வழியே சென்றவர் இவர் என்பதை நேயர்கள் நினைவில் இருத்துவாராக.

1888-இல் கிளாரா பிரையன்ட் என்னும் நங்கையை மணந்தார். 1891-இல் டெட்ராயிட்டில் மின்சாரம் வழங்கிவந்த எடிசன் கம்பெனியில் எஞ்சினீயராக அமர்ந்தார். 1893-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6-ஆம் நாள் அவர்களுக்கு ஒரே மகவாக எட்செல் பிறந்தான். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் முந்திய இரவு, கிளாரா அம்மையார் மறுநாள் விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருக்கையில், ஹென்றி தாம் செய்த சிறு எஞ்சினைச் சமையலறைக்குக் கொண்டுவந்து பாத்திரம் கழுவும் தொட்டியின்மேல் பொருத்தினார். அம்மையார் சமையலை விட்டு அதில் பெட்ரோலைத் துளித்துளியாக விட, விளக்கிற்கு வந்த மின்சாரத்தைக் கொண்டு அவர் பொறி உண்டாக்க, எஞ்சின் புகையும் தழலும் கக்கிப் பேரிரைச்சலோடு ஓடிற்று. பிறந்து ஏழு வாரமும் நிரம்பாத குழந்தை பக்கத்து அறையில் உறங்கிக்கொண்டிருந்தது. பெரியதோர் தொழிலுக்கு வித்திட்ட அந்த இரவில் தாய், தந்தை, மகன் மூவருமே உடனிருந்தனர்.

1896-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் வண்டி முடிவுற்றது. வெளியே கொணரப் புகுந்தபோதுதான் கொட்டகையின் வாயில் வண்டிக்குப் போதாதென்று கண்டார். கோடரி கொண்டு சுவரை இடித்து வழி செய்தார். தடை வந்தவிடத்துச் சுற்றிப் போவது அவர் இயல்பன்று என்பதற்கு இஃதொன்றே போதும்.

பணக்காரர் சிலர் முதலிட, 1899-இல் தொடங்கிய முதற் கம்பெனி 1901-இல் கலைந்தது. இரண்டாவது கம்பெனியில் பங்குதாரரோடு பிணங்கி, 900 டாலரும் தம் பெயரும் பெற்றுக்கொண்டு 1902-இல் வெளியேறினார். அதனை எஞ்சியோர் காடிலாக் என்ற பெயரால் நடத்திப் புகழ் பெற்றனர். மூன்றாவதாக 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் பிறந்ததே போர்டு மோட்டார் கம்பெனி. நிலக்கரி வியாபாரி மால்கம்சன், அவர் கணக்கர் ஜேம்ஸ் கசன்ஸ், யந்திரம் செய்துகொடுத்த டாட்ஜ் சகோதரர்கள் முதலானோர் பங்காளிகள். ரொக்கமாகத் திரண்டது 28,000 டாலரே. முதல் வண்டி விற்பதற்குள் பாங்கியிலிருந்த தொகை 223 டாலர் 65 சென்டாகக் குறைந்துவிட்டது. சிகாகோ நகரத்துப் பல் வைத்தியர் ஒருவர் பணம் அனுப்பி முதல் வண்டியை வாங்கியபின்னரே கம்பெனிக்கு மூச்சு வந்தது. கசன்ஸின் சகோதரி 100 டாலர் போட்டிருந்தார். 1919-இல் அவர் தம் பங்கை விற்றபோது கைக்கு வந்தது ஏறத்தாழ 2,62,000 டாலர் என்றால் தொழில் வளர்ந்த வேகத்தை யூகித்துக்கொள்ளலாம்.

அவ்வேகத்திற்குக் காரணம், 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிவந்த டி மாடல் வண்டி. இலேசானதும் உறுதி மிக்கதுமான வனேடிய எஃகினால் ஆகிய இவ்வண்டி, சேறும் பள்ளமும் நிறைந்த பாதைகளில் தாங்கிச் செல்லும். பழுதுற்றால் குடியானவனே திருத்திக்கொள்ளலாம். செல்வர்க்கு மாத்திரம் உரியதாயிருந்த ஊர்தியை உழுது உண்பானும் வாங்கத்தக்கதாகச் செய்யவேண்டும் என்பதே ஹென்றியின் கொள்கை. விலையை ஏற்றி இலாபம் காணாமல், விலையைக் குறைத்து விற்பனையைப் பெருக்கி இலாபம் கண்டார். தொடக்கத்தில் 850 டாலராயிருந்த விலை 1925-இல் 260 டாலர் வரை இறங்கிற்று. 1913-இல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில், வண்டியின் அடிச்சட்டம் இழுக்கப்பட்டு மெல்ல நகர்ந்துவர, ஆட்கள் நின்றவிடத்தே நின்று தத்தமக்குரிய ஒரே வேலையை அதிற் செய்யும் முறை ஏற்பட்டது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை 93 நிமிஷத்தில் முடியலாயிற்று. இதனை அவரொருவரே கண்டுபிடித்தார் என்பது தவறு. அவர்தம் எஞ்சினீயர் பலர் சிந்தித்தும் சோதித்தும் கண்டது.

ஒரே திருகாணியை நாள் முழுதும் முறுக்கும் வேலையில் சலிப்புற்று ஆட்கள் கூட்டங்கூட்டமாக விலகினர். ஏறத்தாழ 14,000 பேரை நிலைநிறுத்த 1913-ஆம் ஆண்டில் 52,000 பேருக்கு மேல் சேர்க்கவேண்டியதாயிற்று. ஆகவே 1914-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள், ஒன்பது மணி வேலையை எட்டாகக் குறைத்து, இரண்டரை டாலருக்கும் குறைவாயிருந்த நாட்கூலியை ஐந்து டாலராக உயர்த்திக் கம்பெனி அறிவித்தது. உலகமே வியந்தது. தொழிற்சாலை வாயிலில் வேலை வேண்டித் திரண்டோரைக் கலைக்க, உறைபனிக் காலத்தில் அவர்கள்மேல் குழாய் நீர் பாய்ச்சப்பட்டதும் அந்நாட்களிலேதான். ஐந்து டாலர் பெறுவோன் குடியாமலும், வீட்டைத் துப்புரவாக வைத்தும், பணம் சேர்த்தும் வாழ்கின்றானா என்று வீடு தேடிச் சென்று விசாரிக்கக் கம்பெனி ஆட்களை நியமித்தது. கூலி கொடுத்தவர் குடும்பத்தையும் ஆள விரும்பினார். ஆயினும் ஒரு சாதாரணத் தொழிலாளி தான் செய்யும் வண்டியைத் தானே வாங்குங் காலத்தை அவர் நெருக்கிக் கொணர்ந்தார் என்பதை மறுத்தல் ஆகாது.

புகழ் பெருகப் பெருகத் தமக்குத் தெரியாதது ஒன்றில்லை என்ற எண்ணமும் பெருகிற்று. 1915-இல் ஐரோப்பியப் போரை நிறுத்துவேன் என்று கப்பலேறிப் பயனின்றித் திரும்பினார். 1918-இல் செனட் சபைக்கு நின்று தோற்றார். சிகாகோ டிரிபியூன் பத்திரிகைமேல் தொடுத்த மானநஷ்ட வழக்கில் 1919-இல் சாட்சி சொன்னபோது, தம் நாட்டுச் சுதந்தரப் போர் நடந்த காலத்தையும் அறியாதவராகக் காணப்பட்டார். நடுவர் அளித்த நஷ்ட ஈடு ஆறு சென்டு. இவையெல்லாம் நகைத்து விடத்தக்கவை. நகைத்து விடத்தகாதது ஒன்று உண்டு. டியர்பார்ன் இண்டிபெண்டென்ட் என்னும் வாரப் பத்திரிகையை விலைக்கு வாங்கி, 1920 முதல் யூத மக்களை இழித்தும் பழித்தும் பொய்க் கட்டுரைகளை வெளியிடச் செய்து, அவை நூல்களாகிப் பல தேசங்களிற் பரவ இடந்தந்தார். சபிரோ என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கினால் 1927-இல் மன்னிப்பு வேண்டி அறிக்கை விட்டுப் பத்திரிகையையும் மூடினார். எனினும் 1938-இல் ஹிட்லர் அரசாங்கத்தார் அளித்த விருதை ஏற்றுக்கொண்டார். ஒரு குலத்தில் பிறந்தமைபற்றியே மக்களைக் குற்றவாளிகளாக்கும் எழுத்துக்குத் தம் பொருளையும் பெயரையும் கொடுத்த இப்பழி, அவர் செய்த எந்த நன்மையாலும் கழுவப்படவில்லை.

இனி மைந்தர் எட்செலின் நிலையைச் சொல்லுவேன். 1919-ஆம் ஆண்டு தொடக்கத்தில், இருபத்தைந்து வயதில், அவர் கம்பெனியின் தலைவரானார். இலாபத்தைப் பகிர மறுத்தமைக்காக டாட்ஜ் சகோதரர்கள் தொடுத்த வழக்கில் தோற்ற தந்தை, வேறு கம்பெனி தொடங்கப்போவதாகச் சொல்லிப் பங்காளிகளை மருட்டி, அவர்கள் பங்குகளையெல்லாம் சுமார் 10 கோடியே 60 இலட்சம் டாலருக்கு அவ்வாண்டிலேயே வாங்கிவிட்டார். முழு உடைமையும் குடும்பத்தாருடையதாயிற்று. தலைவர் மகன், ஆனால் ஆணையோ தந்தையுடையது. எட்செல் அமைந்த குணமும் கலைகளிற் பற்றும் உடையவர். டீகோ ரிவேரா என்னும் மெக்சிக ஓவியர் 1932, 1933-ஆம் ஆண்டுகளில் டெட்ராயிட் கலைக்கூடத்துச் சுவர்களில் தொழிலாளர் வாழ்வை வரைந்தபோது பொருளுதவி செய்தவரும், எதிர்ப்பு எழுந்தபோது ஓவியத்தைக் காத்தவரும் அவரே. வண்டி உறுதியாயிருந்தாற் போதாது, அழகாகவும் இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. தந்தைக்கோ டி மாடலே முதலும் முடிவும். முன்னர் 1912-இல் அவர் ஐரோப்பா சென்றிருந்த சமயம், எஞ்சினீயர்கள் அவ்வண்டியைத் திருத்திச் செந்நிற வண்டியொன்று செய்து வைத்திருந்தனர். திரும்பி வந்தவர் அதனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யாதும் பேசாமல் கதவுகளைக் கையாற் பிய்த்தெறிந்தார். 1926-இல் எட்செலின் உறவினரும் கம்பெனி அதிகாரியுமான கான்ஸ்லர், டி மாடலின் காலம் கழிந்ததென்று பணிவோடு எழுதிக்கொடுத்தார், அவ்வாண்டே வேலையிழந்தார். ஜனங்களோ செவ்ரோலே முதலிய வண்டிகளை நாடிச் சென்றனர். ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தபின், 1927-இல் டி மாடலை நிறுத்தித் தொழிற்சாலையை மாதக்கணக்கில் மூடித்தான் புதிய ஏ மாடலைக் கொணர முடிந்தது. அதன் வடிவழகு எட்செலின் கைவண்ணம்.

தந்தைக்கு வயது ஏற ஏற, ஹாரி பென்னெட் என்னும் கடற்படை ஊழியம் பார்த்த முரடர் ஒருவர் அவருக்கு மகனிலும் நெருங்கியவரானார். அவரது காவற்படைக்குத் தொழிற்சாலையே அஞ்சிற்று. 1932-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7-ஆம் நாள் வேலையிழந்து பசித்தோர் ஊர்வலம் வந்தபோது, போலீசாரும் காவலரும் சுட்டதில் அன்றே நால்வர் மாண்டனர். 1937-இல் சங்கத் துண்டுப் பிரசுரம் வழங்கவந்த வால்டர் ராய்தர் முதலியோரைப் பென்னெட்டின் ஆட்கள் அடித்து வீழ்த்த, அப்படங்கள் நாடெங்கும் வெளிவந்தன. ஐந்து டாலர் கூலியால் எய்திய நற்பெயர் அடியோடு மறைந்தது. தொழிலாளரோடு பேசித் தீர்க்கலாம் என்று எட்செல் சொன்ன சொல் அம்பலம் ஏறவில்லை. 1941-இல் வேலைநிறுத்தத்தின்பின் தந்தை சங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டார். இரத்தம் சிந்தினால் தாம் வீட்டைவிட்டுப் போவதாகக் கிளாரா அம்மையார் உறுதியாய் நின்றதே அதற்குக் காரணம் என்பர்.

எட்செல் எதிர்த்து ஒரு சொல்லும் உரத்துச் சொல்லாமல் பொறுத்தார். அவருக்கு வயிற்றுப் புண் கண்டு, அது புற்றுநோயாயிற்று. அதனோடு, காய்ச்சாத பாலால் வரும் ஒருவகைச் சுரமும் சேர்ந்தது. பண்ணைப் பாலைச் சூடேற்றிப் பக்குவம் செய்தல் வேண்டாவென்பது தந்தையின் பிடிவாதமாக இருந்தது. 1943-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில், பெற்றோர் இருக்க எட்செல் இறந்தார். ஒன்றரைக் கோடியாவது டி மாடலைத் தந்தையும் மகனுமாக ஓட்டிவந்ததும் 1927 மே 26. ராய்தர் அடிபட்டதும் 1937 மே 26. நாள் கோள் பார்ப்பவனல்லேன். ஆயினும் இவற்றை ஒருங்கே கண்டபோது சற்றே திகைத்தேன்.

எண்பதை எட்டிய கிழவர், நினைவு தளர்ந்த நிலையில், மீண்டும் தலைமைப் பீடத்தில் அமர்ந்தார். கம்பெனி மாதந்தோறும் ஒரு கோடி டாலர் வரை நட்டமடைந்ததாகச் சொல்லுவர். இறுதியிற் குடும்பத்தைக் காத்தவர்கள் பெண்மக்கள் இருவர். எட்செலின் மனைவி எலினார் அம்மையார், தம் மகனுக்குத் தலைமையைக் கொடாவிடில் பங்குகளை விற்றுவிடுவேன் என்றார். மாமியார் கிளாரா அம்மையாரும் மருமகளோடு சேர்ந்து நின்றார். 1945-ஆம் ஆண்டு செப்டம்பரில், பாட்டனாரின் பெயரையே தாங்கிய இருபத்தெட்டு வயதுப் பேரன் தலைவரானார். முதற்காரியமாகப் பென்னெட்டை வெளியேற்றினார்.

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ஆம் நாள், ரூஜ் ஆறு பெருகி மாளிகையின் மின்சார நிலையத்தில் நீர் புகுந்தது. விளக்குகள் அவிந்தன. மின்சாரக் கம்பெனியில் எஞ்சினீயராய் இருந்தவர், அன்றிரவு மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் எரிய, மனைவி அருகிருக்க, எண்பத்துமூன்றாம் வயதில் உயிர் நீத்தார்.

எட்செலுக்கு ஒரு ஞாபகச் சின்னம் வேண்டுமென்று பின்வந்தோர் நினைத்தனர் போலும். குடும்பத்தார் முதலில் விரும்பாதிருந்தும், 1957-ஆம் ஆண்டு செப்டம்பரில் கம்பெனி வெளியிட்ட புதிய வண்டிக்கு எட்செல் என்று பெயர் சூட்டினர். அதன் முகப்பைக் கண்டு ஜனங்கள் நகைத்தனர்; வாங்குவார் குறைந்தனர். 1959 நவம்பரில், பெருநட்டத்தோடு அதனை நிறுத்திவிட்டனர். அந்நாளிலிருந்து அமெரிக்காவில் எட்செல் என்பது தோல்விக்கு ஒரு பெயராயிற்று. அவ்வண்டியின் வடிவத்தில் ஒரு கோடும் அவர் வரைந்ததன்று. அஃது அங்காடிக்கு வருவதற்குப் பதினான்கு ஆண்டுகட்கு முன்னரே அவர் மண்ணில் அடங்கியிருந்தார்.